மதுரைப் புறநகரில் வாடகைக்கு அபார்ட்மென்ட்: தேடுவது முதல் காலி செய்வது வரை

மதுரைக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது எனக்குப் பகுதிநேர வேலை போல ஆகிவிட்டது, சம்பளம்தான் கிடையாது. நானே பதினொரு ஆண்டுகளில் நான்கு வீடு மாறியவன். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதலில் வாடகையைக் கேட்கிறார்கள், பிறகு அறைகளை எண்ணுகிறார்கள், அட்வான்ஸ் கொடுத்த பிறகு தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறார்கள். வெயிலைப் பற்றி யோசிப்பது சித்திரை பிறந்த பிறகு.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். நேரம் இல்லை என்று நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால், பெரும்பாலும் அதுதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணக் கணக்கை முதலில் போடுங்கள். வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாத அட்வான்ஸ் 36,000, முதல் மாத வாடகை 12,000, புரோக்கர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை வரை. ஆக 60,000. சாமான் ஏற்றி இறக்கும் கூலி தனி. இந்தத் தொகை தயாராக இல்லாமல் பேச்சைத் தொடங்கினால், பிடித்த வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு அலைய நேரும். அதற்குள் முழுத் தொகையோடு வந்தவருக்கு வீடு போய்விடும்.

ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை நகல், இரண்டு புகைப்படங்கள் ஒரு உறையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறவர் மேல் அவருக்கு நம்பிக்கை வருகிறது. அது பேரத்தில் உதவும்.

வீடு பார்க்கப் போகும் பையில் வேறு நான்கு பொருட்கள்: அளக்கும் டேப், போன் சார்ஜர், சின்னத் துண்டு சோப்பு, ஒரு எவர்சில்வர் டம்ளர். சோப்பைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இதுவரை இல்லை. எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. எந்தப் பக்கம் என்பதை வேலைக்குப் போகும் வழி முடிவு செய்யட்டும்

மதுரையை வைகை இரண்டாக வகுக்கிறது. தினமும் காலையில் பாலத்தைக் கடக்க வேண்டிய வீடு, வரைபடத்தில் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தூரம்தான். அதனால் முடிந்தவரை வேலை இருக்கும் கரையிலேயே தேடுங்கள்.

உயர் நீதிமன்றக் கிளை, வேளாண் கல்லூரி, மாட்டுத்தாவணி பக்கம் வேலை என்றால் ஒத்தக்கடை, கே.கே. நகர், அண்ணா நகர், வண்டியூர் ஆகியவை வசதி. நத்தம் சாலைப் பக்கம் என்றால் நாராயணபுரம், அய்யர் பங்களா, ஊமச்சிகுளம். காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கு நாகமலை புதுக்கோட்டை. விமான நிலையத்துக்கு அவனியாபுரம், வில்லாபுரம். திருமங்கலம் திசையில் வேலை என்றால் திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை. மேற்கே காளவாசல், விளாங்குடி, ஆனையூர்.

மாதம் இரண்டு முறை சொந்த ஊர் போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் பஸ்களுக்கு ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, திருநெல்வேலி பஸ்களுக்கு மாட்டுத்தாவணி. கைக்குழந்தையும் பையுமாக இரவு பதினோரு மணிக்கு ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்டோ பிடிப்பது எளிதல்ல.

பகுதியைத் தேர்ந்த பிறகு, வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு அந்த வழியில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அந்த நிறுத்தத்தில் உள்ள கடையில் கேளுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், அந்த வகைப் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பது குடும்பச் செலவில் தெரியும்.

3. தேட வேண்டிய மாதம், விசாரிக்க வேண்டிய ஆட்கள்

பள்ளி முடியும் ஏப்ரல், மே மாதங்களில் எல்லாரும் தேடுகிறார்கள். பேரத்துக்கு இடம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். காலியான வீடு அந்த மாதம் முழுவதும் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்காரருக்கும் கவலை பிடிக்கும். ஆகவே ஆடியில் பார்த்துப் பேசி முடித்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். வாடகை எந்தத் தேதியிலிருந்து என்பதை மட்டும் அப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள். நண்பர் ஒருவர் இதைப் பேசாமல் விட்டு, குடியேறாத ஆடிக்கும் வாடகை கட்டினார்.

இணையத்தில் தேடுவது பகுதியின் வாடகை நிலவரத்தைத் தெரிந்துகொள்ள உதவும். வீடு கிடைப்பது தெருவில்தான். மாலை ஐந்து மணிக்கு நடந்து போய், துணி தேய்ப்பவரிடமும் கேன் தண்ணீர் போடுபவரிடமும் கேளுங்கள். யார் காலி செய்யப் போகிறார்கள் என்பது பலகை தொங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களுக்குத் தெரியும். ஏன் காலி செய்கிறார்கள் என்பதும் தெரியும், அதுதான் முக்கியம்.

வீட்டைப் பார்க்காமல் போனில் பணம் அனுப்பச் சொல்கிறவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூரில் இருக்கிறேன் என்று காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி.

4. மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள், இரவு ஒன்பதுக்கு மறுபடி பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். நான் முதல் வீட்டைப் பார்த்தது அப்படி ஒரு மார்கழிக் காலையில். மேல்தளம், மூன்று பக்கமும் ஜன்னல், நல்ல வெளிச்சம். பங்குனி பாதியில்தான் விஷயம் புரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அடுப்பு வாயில் முகத்தை வைத்ததுபோல் காற்று இறங்கும். மதியம் குளியலறைக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். காலையிலேயே நான்கு வாளி பிடித்து நிழலில் வைத்து, மாலையில் அதில்தான் குளித்தோம்.

காரணம் எளிது. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நகர்ந்து நிற்கும். ஆகவே கோடையில் அடி முழுவதும் மொட்டை மாடித் தளத்துக்குத்தான். பகலெல்லாம் குடித்த சூட்டை கான்கிரீட் இரவில்தான் வெளியே விடும். நீங்கள் தூங்கப் போகும் நேரமும் அதுதான்.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, மேல்தளத்துக்கு ஒரு தளம் கீழே எடுங்கள். மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ சிறந்தது. உங்கள் தலைக்கு மேல் ஒரு குடும்பம் இருந்தால் அதுவே உங்களுக்குக் குடை.

இரண்டாவது, படுக்கையறை மேற்குச் சுவரில் இருக்கக் கூடாது. போனில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். புரோக்கர் சொல்லும் திசை வாசல் பார்த்த திசை, அது வாஸ்துவுக்கு உதவும், வெயிலுக்கு உதவாது. மே, ஜூன் மாதங்களில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறைவதால் வடமேற்கு மூலை அறைதான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொள்ளும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்வார்கள். ஐப்பசியில் அது உண்மை, வைகாசியில் இல்லை.

மூன்றாவது, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்க வேண்டும். இரண்டையும் திறந்து நடுவில் கைக்குட்டையைப் பிடித்துப் பாருங்கள். அது அசையவே இல்லை என்றால் காற்று உள்ளே வந்து வெளியேற வழி இல்லை. மேற்கு ஜன்னலுக்கு ஆடிக் காற்று என்ற ஒரு நன்மை உண்டு; புழுதியும் இலவசமாக வரும்.

மூன்று மணிக்குப் போகும்போது மேற்குச் சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணுங்கள். கதகதப்பு தெரிந்தால், இரவு ஒன்பது மணிக்கு மறுபடி வந்து அதே இடத்தில் வையுங்கள். அப்போது இன்னும் சூடாக இருந்தால் அந்த அறையில் குளிர்சாதனம் இல்லாமல் கோடையைக் கழிக்க முடியாது. அந்த மின்கட்டணத்தையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

மேல்தளம்தான் கிடைக்கிறது என்றால் மாடிக்கு ஏறுங்கள். தட்டோடு பதித்திருக்கிறதா, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்திருக்கிறதா, வெறும் சிமென்ட் தளமா என்று பாருங்கள். வெறும் தளம் என்றால், குடிவரும் முன் வெள்ளைப் பூச்சு அடித்துத் தரக் கேளுங்கள். 'அடுத்த மாதம் அடித்துக்கொள்ளலாம், தம்பி' என்ற பதிலுக்கு மதிப்பு கிடையாது. மே 4 முதல் 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்துக்கு முன் அந்த அடுத்த மாதம் வந்து நான் பார்த்ததில்லை.

5. தண்ணீரை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்

'தண்ணீர் வசதி எப்படி?' என்று கேட்டால் 'இருபத்து நாலு மணி நேரமும் வரும்' என்பார்கள். அது பொய்யில்லை. வருவது போர் தண்ணீர். சமைக்கவும் குடிக்கவும் வேண்டிய தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள். மாநகராட்சிக் குழாய் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு வரும், அது தனித் தொட்டியில் விழுகிறதா அல்லது போர் தண்ணீரோடு கலக்கிறதா? போர் கோடையில் வற்றுகிறதா? வற்றினால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது? மோட்டாரைப் போடுவது யார்? கடைசிக் கேள்வி சில்லறையாகத் தோன்றும். அபார்ட்மென்ட் சண்டைகள் பாதி அங்கேதான் தொடங்குகின்றன.

இதை வீட்டுக்காரரிடம் கேட்டு முடித்த பிறகு, கீழ்வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். ஒரு முறை நான் கேட்டபோது அந்த அக்கா பதிலே சொல்லவில்லை. படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக நின்ற பதினெட்டுக் குடங்களைக் கையால் காட்டினார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இப்போது சோப்பு. டம்ளரில் அரை அளவு போர் தண்ணீர் பிடித்து, அதை ஊற்றிக் கையில் சோப்பு போடுங்கள். நுரை எழாமல் தயிர்போல் திரிந்தால் கடினத் தண்ணீர். தலைமுடி, துவைக்கும் இயந்திரம், வெந்நீர் போடும் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் அது பகை. குழாய் வாயிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சோப்பே தேவையில்லை, அதுவே சாட்சி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் அளந்துகொள்ளலாம்: குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. மதுரைப் புறநகரின் பல தெருக்களில் போர் தண்ணீரைக் குடிக்க யாரும் நினைப்பதே இல்லை. குடிக்கும் தண்ணீரைக் குடமாகவோ கேனாகவோ விலைக்கு வாங்குவது மாதச் செலவில் ஒரு வரி.

தொட்டியின் அளவையும் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான பொதுக் கணக்கு. பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 6,480 லிட்டர். மாடியில் 2,000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் நிற்கிறது என்றால் நாளுக்கு மூன்று முறைக்கு மேல் மோட்டார் ஓட வேண்டும். பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் மதியத்துக்கு மேல் குழாய் காற்றுத்தான் விடும்.

6. கண்மாய் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெயில் ஊரில் மழையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மதுரையைச் சுற்றிலும் கண்மாய்கள். வண்டியூர், செல்லூர், மாடக்குளம், ஆனையூர் என்று ஊர்ப்பெயர் சொன்னாலே கூடவே ஒரு கண்மாய் வரும். வாய்க்கால் போன வழியில் மனை பிரித்த தெருக்களும் உண்டு. 2024 அக்டோபரில் ஒரே நாளில் கொட்டிய மழையில் செல்லூர் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

தரைத்தளம் எடுப்பதானால் சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், வெளியே அடிக்க மறந்துவிடுவார்கள். தெருவைவிட வாசல் தாழ்ந்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு இன்னும் உயரும்.

2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. செப்டிக் டேங்க் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை லாரி வருகிறது, செலவு யாருடையது என்று கேளுங்கள். போர் குழாய்க்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே எத்தனை அடி என்பதைக் கண்ணால் பாருங்கள்.

7. மின்சாரம்: தனி மீட்டரா, துணை மீட்டரா?

உங்கள் வீட்டுக்கென்று தனி சர்வீஸ் எண் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும்போது முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்ற சலுகை அந்த எண்ணுக்குத்தான். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் குறைந்த விலையும் போய்விடும். ஒரே சர்வீஸில் இரண்டு வீடுகளை ஓட்டினால் கூட்டுக் கணக்கு 500ஐச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சுமையைச் சமாளிக்கத்தான் வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலை சொல்கிறார். கோடையில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை.

சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்கள். குளிர்சாதனத்துக்கும் ஹீட்டருக்கும் பெரிய பிளக் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜன்னலில் கொசுவலை இல்லையென்றால் ஜன்னலே இல்லை என்று கணக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் திறக்க முடியாது.

8. இப்போது வாடகை பேசலாம்

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வாடகை. ஏனென்றால் பேரம் பேச இப்போதுதான் உங்களிடம் சரக்கு இருக்கிறது. 'ஐயா, மேற்குச் சுவர் சுடுகிறது, குடிதண்ணீரை வெளியே வாங்க வேண்டும், கொசுவலை இல்லை' என்று சொல்லிக் கேட்கிற ஆயிரம் ரூபாய்க் குறைப்புக்கும், வெறுமனே 'குறையுங்கள்' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. வாடகையைக் குறைக்க மனம் வராதவர்கள் கொசுவலை அடித்துத் தர ஒப்புக்கொள்வார்கள். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா, அதில் லிப்ட், ஜெனரேட்டர், காவலாளி, பொது மோட்டார் எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயரும் என்பதையும் இப்போதே பேசுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா, வற்றல் போடலாமா என்று கேட்டுவிடுவது நல்லது. இந்த ஊர் வெயிலில் கைக்கு வரும் ஒரே லாபம் அது.

அசைவம் சமைப்பீர்களா, எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற கேள்விகள் வரும். கல்யாணமாகாதவர்களுக்குக் கதவு பாதிதான் திறக்கும். இதை நான் நியாயப்படுத்தவில்லை. கேட்பவர் வெட்கப்பட வேண்டிய கேள்வி அது. ஆனால் பொய் சொல்லிக் குடியேறி, மீன் குழம்பு வைக்கும் நாளில் ஜன்னலை மூடிக்கொண்டு வாழ்வதைவிட, 'சமைப்போம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது மேல். அடுத்த தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் இருக்கிறார்.

9. ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் குடியேறாதீர்கள். வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான அரசு இணையதளம் உண்டு. வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த 'ஒழிய' என்ற சொல்லில்தான் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் நுழைகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் அது. மேலே சொன்ன 90 நாள் பதிவு வேறு. பதினொரு மாதம் என்பதால் அது தேவையில்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வாடகை, அட்வான்ஸ் தொகை, வாடகை உயரும் விகிதம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, பெயின்ட் செலவு யாருடையது, வண்டி நிறுத்தும் இடம், மின் மீட்டர் அளவு. கொசுவலை, வெள்ளைப் பூச்சு போன்று வாய்வழியாக வாங்கிய வாக்குறுதிகளையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

கையெழுத்துப் போடுபவர்தான் உரிமையாளரா என்று பாருங்கள். வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வருமான வரியில் வாடகைப்படிச் சலுகை கோருகிறவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தேவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் கேட்டால் முகம் மாறும்.

மதுரையில் ஒத்திக்கு விடுவது சகஜம்: சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கேட்க இனிப்பாக இருக்கும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் லட்சங்கள் வரிசையில் பின்னால் நிற்கும். ஆகவே ஒத்தி என்றால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், மூலப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒத்தியைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத ஒத்தி வெறும் கைமாற்று. பதிவுக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வாடகைக்கே இருந்துகொள்ளுங்கள்.

10. சாவி வாங்கும் நாள்

சாமான் இறங்கும் முன் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சுவரின் ஆணி ஓட்டை, உடைந்த ஓடு, கறை பிடித்த வாஷ்பேசின் எல்லாம் அதில் வரட்டும். மீட்டரின் எண்ணைப் படம் எடுங்கள். பழைய பாக்கி இல்லை என்பதை சர்வீஸ் எண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பால் காய்ச்சும் நேரத்தில் எதிர்வீட்டுக்கு ஒரு டம்ளர் பால் கொடுங்கள். இதில் சம்பிரதாயம் பாதி, கணக்கு பாதி. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் குழாய்த் தண்ணீர் வந்தால் போன் செய்பவர் அவர்தான்.

11. முதல் இரண்டு மாதம்

எரிவாயு இணைப்பு, ரேஷன் கார்டு, வங்கி முகவரி ஆகியவற்றை இந்த வரிசையில் மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுவதுதான் கடினம்.

வெயிலுக்கு ஒரு நடைமுறை வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களை மூடித் திரைபோடுங்கள். மாலை வெளிக்காற்று தணிந்த பிறகு எல்லாவற்றையும் திறங்கள். நாள் முழுவதும் திறந்து வைத்தால் வெளிச்சூட்டை நீங்களே உள்ளே அழைக்கிறீர்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரையை உள்ளே போடுவதைவிட, வெளியே மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுவது பல மடங்கு பயன் தரும், ஏனென்றால் சூடு கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது.

முதல் மின்கட்டணம் வரும்போது 500 யூனிட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கணக்கெடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

12. காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்பை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் இருக்கட்டும். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது வழக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் அது உங்களுக்குப் பாதுகாப்பு. கழித்தது போக மிச்சத்தைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். என் இரண்டாவது வீட்டில் பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். முதல் நாள் எடுத்த படங்களைக் காட்டினேன். குடியேறும்போதே பெயின்ட் உரிந்திருந்தது அதில் தெரிந்தது. பாதி திரும்ப வந்தது. படம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாதியும் வந்திருக்காது.

மீட்டர் எண்ணை மறுபடி படம் எடுங்கள், மின்கட்டணத்தைக் கட்டி ரசீதை அனுப்புங்கள், அட்வான்ஸ் கணக்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சாவி அதன் பிறகு. கிளம்பும் முன் மொட்டை மாடிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள்; துணிக்கயிறும் வற்றல் காயப்போட்ட பாயும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.